பன்னிரண்டாம் இடத்தில் ஹாமில்டன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2007-ல் லூயிஸ் ஹாமில்டன் மெக்லாரனில் அறிமுகமான வருடத்திலிருந்து ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்க்கிறேன். விடியற்காலையில் நடக்கும் பந்தயம் என்றால் அலாரம் வைத்து எழுந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒருநாள் தூக்கம் கலைந்து வந்த என் மனைவி கேட்டாள்: “முதல் வளைவு தாண்டினதுமே யார் ஜெயிப்பான்னு தெரிஞ்சுபோகுது. எல்லாம் கார் பண்ற வேலை. அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரம்?” எனக்குப் பதில் வரவில்லை.

2021 அபுதாபியில் கடைசிச் சுற்றில் ஹாமில்டன் பட்டத்தை இழந்த பிறகு பார்ப்பதையே விட்டுவிட நினைத்தேன். இன்றுவரை அந்தக் கடைசிச் சுற்றை மறுபடி பார்க்கத் துணிவில்லை. அவர் ஃபெராரிக்குப் போனபோது நானும் கூடவே போனேன். 2025 ஹங்கேரியில், புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்று முடிந்து அவர் பேசியதைக் கேட்டு அன்று முழுக்க மனசு சரியில்லை. ஏதோ ஒரு கோடீஸ்வரரின் தோல்விக்கு நான் ஏன் சாப்பிடாமல் படுக்க வேண்டும்? இது ரசனையா, பைத்தியமா?

கடைசியாக ஒன்று. இத்தனை வருடத்தில் நேரில் ஒரு பந்தயமும் பார்த்ததில்லை. போகலாமா, டிவியே போதுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொன்னது பெரும்பாலும் சரிதான். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். இதில் கார்தான் ஜெயிக்கிறது. 2023-ல் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட்புல் கார்கள் வென்றன. 1988-ல் 16 பந்தயங்களில் 15 மெக்லாரனுக்குப் போயின. பந்தயம் தொடங்குமுன்பே எந்த அணி ஜெயிக்கும் என்று சொல்லிவிடக்கூடிய வருடங்கள் இந்த விளையாட்டில் எப்போதும் இருந்திருக்கின்றன. “இல்லை இல்லை, எல்லாம் ஓட்டுநரின் திறமை” என்று வாதாடப் போனால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

ஆனால் அதே 1988-ஐ இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். காரணம், ஓர் அணிக்கு இரண்டு கார்; ஜெயிக்கிற அந்த இரண்டிலும் இருந்தவர்கள் அயர்டன் சென்னாவும் அலன் ப்ராஸ்டும். மொனாக்கோ தகுதிச் சுற்றில் சென்னா அதே காரில் ப்ராஸ்டைவிட 1.4 வினாடி வேகமாக ஓட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குச் சண்டை போடுகிற இடத்தில் 1.4 என்பது வேறு உலகம். மறுநாள் பந்தயத்தில் ஏகப்பட்ட இடைவெளியில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், 67-வது சுற்றில் துரத்த யாருமே இல்லாதபோது தடுப்பில் மோதி நின்றார். ப்ராஸ்ட் ஜெயித்தார். அந்த வருட மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் ப்ராஸ்டுக்கு 105, சென்னாவுக்கு 94. ஆனால் சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கு என்பது அன்றைய விதி. அப்படிப் பார்த்தால் சென்னாவுக்கு 90, ப்ராஸ்டுக்கு 87. சென்னா சாம்பியன். எந்தக் கார் என்பது முன்பே தெரிந்ததுதான். எந்த ஆள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

சரி, உங்கள் மனைவி கேட்டது ‘ரெண்டு மணி நேரம் எதுக்கு’ என்றல்லவா? 2023 சிங்கப்பூர் பந்தயத்தின் பதிவு கிடைத்தால் கடைசிப் பத்துச் சுற்றை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ரெட்புல் தோற்ற ஒரே பந்தயம் அது. ஃபெராரியில் கார்லோஸ் சைன்ஸ் முதலிடம். பின்னால் மெக்லாரனில் லாண்டோ நோரிஸ். அவருக்குப் பின்னால் ஜார்ஜ் ரசலும் ஹாமில்டனும், இரண்டு மெர்சிடிஸ். பந்தயத்தின் பிற்பகுதியில் மெர்சிடிஸ்காரர்கள் பிட்டுக்குள் போய்ப் புது டயர் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னால் இருந்த இரண்டு பேரும் பழைய டயர். மெர்சிடிஸ்கள் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளியைக் கடித்துக்கொண்டே வந்தன.

அப்போதைய விதிப்படி, குறிப்பிட்ட இடத்தில் முன்னால் போகும் காருக்கு ஒரு வினாடிக்குள் வந்துவிட்டால் நேர்ப்பாதையில் பின்னிறக்கையைத் திறந்துகொள்ளலாம். டிஆர்எஸ் என்பார்கள். காற்றின் தடை குறையும், வேகம் கூடும். எந்த ஓட்டுநரும் தன் பின்னால் வருகிறவனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க மாட்டார். சைன்ஸ் வேண்டுமென்றே கொடுத்தார். தன் வேகத்தைக் குறைத்து நோரிஸை ஒரு வினாடிக்குள் வர விட்டார். ஏன்? நோரிஸ் தன் இறக்கையைத் திறந்துகொண்டால் அவரை ரசலால் தாண்ட முடியாது. நோரிஸைத் தாண்ட முடியாவிட்டால் தன்னை எட்டவே முடியாது. தன்னைத் துரத்துகிறவனையே தனக்குக் காவலாக நிறுத்திவிட்டார் மனிதர். பின்னால் நோரிஸ் 0.8 வினாடியில் இருக்கிறார் என்று பொறியாளர் ரேடியோவில் எச்சரிக்க, தெரிந்துதான் செய்கிறேன் என்றார் சைன்ஸ். சுற்றிலும் சுவர்கள், கசகசக்கும் வெப்பம், தேய்ந்த டயர். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கணக்கு. கொஞ்சம் அதிகமாகக் குறைத்தால் நோரிஸே தாண்டிவிடுவார், கொஞ்சம் வேகமாகப் போனால் நோரிஸ் ரசலிடம் மாட்டிக்கொள்வார். கடைசிச் சுற்றில் ரசல் சுவரில் உரசி வெளியே போனார். சைன்ஸ் ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார்.

முடிவை மட்டும் படித்தால் ‘முதலிடத்தில் புறப்பட்டவர் முதலிடத்தில் முடித்தார்’ என்றுதான் இருக்கும். உங்கள் மனைவி சொன்ன மாதிரியேதான்! திரையில் காரைப் பார்க்காமல் இடது ஓரத்தில் ஓடும் எண்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அன்று நாற்காலி நுனி. ஃபார்முலா ஒன் பழகுவது என்பது பெரும்பாலும் அந்த எண்களைப் படிக்கப் பழகுவதுதான். எரிபொருள் தீரத் தீரக் கார் லேசாகி வேகம் கூடும். டயர் தேயத் தேய வேகம் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் சுற்றுக்குச் சுற்று ஒரே நேரத்தில் முடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தமில்லை. இதைப் பழகாதவருக்கு அது சலிப்பாகத்தான் இருக்கும். அதில் தப்பும் இல்லை.

இப்போது ஹங்கேரி. ‘எல்லாம் கார் பண்ற வேலை’ என்பது ரசிகனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்திருக்கிறீர்களா? நம் ஆள் பின்தங்கினால் கார் சரியில்லை. ஜெயித்தால் மட்டும் அவர் கை. நாம் எல்லோரும் இப்படித்தான் தேற்றிக்கொள்கிறோம். 2022, 2023 இரண்டு வருடமும் ஹாமில்டன் ஒரு பந்தயம்கூட வெல்லாதபோது, மெர்சிடிஸ் கார் சரியில்லை என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அது உண்மையும்கூட. ஆனால் 2025 ஆகஸ்டில் ஹங்கேரியில் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. ஹாமில்டன் பன்னிரண்டாவது. அதே தகுதிச் சுற்றில், அதே ஃபெராரியில், சார்ல் லெக்லெர்க் முதலிடம். அதுவும் எங்கே? வேறு எவரையும்விட அதிகமாக, எட்டு முறை ஹாமில்டன் ஜெயித்த ஹங்கரோரிங்கில். தான் எதற்கும் உதவாதவன், அணி வேறு ஓட்டுநரைத் தேட வேண்டியதுதான் என்கிற மாதிரி அவர் அன்று பேசினார். மறுநாள் பந்தயத்தையும் பன்னிரண்டாவதாகவே முடித்தார்.

உங்களுக்கு வலித்தது தோல்வி இல்லை என்று நினைக்கிறேன். தோல்வி உங்களுக்குப் பழக்கம்தான். சாக்கு இல்லாமல் போனதுதான் வலித்தது. இந்த விளையாட்டில் ஒரு ஓட்டுநரின் உண்மையான எதிரி ஒரே ஒருவர்தான்: கையில் அதே சீட்டு வைத்திருக்கும் அணித்தோழர். மற்றவர்களிடம் தோற்றால் ஆயிரம் காரணம் சொல்லலாம். 2016-ல் மெர்சிடிஸில் ஹாமில்டனின் அணித்தோழர் நிக்கோ ரோஸ்பெர்க் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் அவரை முந்திச் சாம்பியன் ஆனார். அடுத்த ஐந்தே நாளில் ஓய்வை அறிவித்துவிட்டுப் போய்விட்டார். பட்டம் வாங்கின கையோடு ஒருவர் போகிறார் என்றால் அந்த அணித்தோழரைச் சமாளிக்க அவர் என்ன பாடுபட்டிருப்பார்! ஹாமில்டனின் பெருமைக்கு ஏழு பட்டத்தைவிட அதைத்தான் சாட்சியாகச் சொல்வேன். இப்போது அன்றைய ஹாமில்டனின் இடத்தில் லெக்லெர்க், ரோஸ்பெர்க்கின் இடத்தில் ஹாமில்டன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் முடிந்துபோனாரா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பீர்கள். ஒற்றைச் சுற்று வேகத்தில் பழைய ஹாமில்டன் இப்போது இல்லை என்பது என் அபிப்பிராயம். மழை பெய்து, டயர் தேய்ந்து, பந்தயம் குழம்பும் நாளில் இன்னும் இருக்கிறார். 2024 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நடந்தது அதுதான். 945 நாள் கழித்து ஒரு வெற்றி. வரும், போகும் மழையில் எப்போது டயர் மாற்ற வேண்டும் என்று சரியாகப் பிடித்து, கடைசியில் ரெட்புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் நெருங்கி வரவர அசையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த 945 நாளும் பார்க்காதவருக்கு அது இன்னொரு வெற்றி. நீங்கள் அன்று அழுதிருப்பீர்கள். ரசனையா பைத்தியமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். ஆனால் சாப்பிடாமல் படுப்பது பைத்தியம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

அபுதாபி பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அது ரசிகர்களை இத்தனை வருடம் கழித்தும் அடித்துக்கொள்ள வைக்கிறது. ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் 369.5 புள்ளியோடு சமமாக வந்த கடைசிப் பந்தயம். விபத்து நேர்ந்தால் எல்லோரையும் மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி காருக்குப் பின்னால், ஒரு சுற்று பின்தங்கியிருந்த எல்லாக் கார்களையும் முன்னே போக விடாமல், ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் இருந்த ஐந்து கார்களை மட்டும் விட்டார்கள். ஒரே ஒரு சுற்று மிச்சம். ஹாமில்டனிடம் பழைய டயர், வெர்ஸ்டாப்பனிடம் புதுசு. வெர்ஸ்டாப்பன் முந்திப் பட்டத்தை வென்றார். மனிதத் தவறு என்று இந்த விளையாட்டின் தலைமை அமைப்பான எஃப்ஐஏவின் அறிக்கையே பிறகு சொன்னது. விதியின் வாசகத்தையும் மாற்றினார்கள், பந்தய இயக்குநரையும் மாற்றினார்கள், முடிவை மட்டும் மாற்றவில்லை. உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதை வெர்ஸ்டாப்பன் மேல் காட்டாதீர்கள். கிடைத்த ஒரு சுற்றில் அவர் செய்ததை ஹாமில்டனும் செய்திருப்பார். அந்தச் சுற்றை மறுபடி பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. ஹாமில்டனை விட வேண்டாம். அவரோடு, பட்டியலின் கீழ்ப்பாதியில் ஒருவரையும் பிடித்துக்கொள்ளுங்கள். நான் நிக்கோ ஹுல்கென்பெர்க்கைப் பிடித்திருந்தேன். 2010-ல் வந்தவர். முதல் வருடமே பிரேசிலில் தகுதிச் சுற்றில் முதலிடம். நடுவில் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தைக்கூட ஜெயித்தார். ஃபார்முலா ஒன்னில் மட்டும் பல வருடம் போடியம், அதாவது முதல் மூவருக்கான மேடை, ஏறவே இல்லை. ‘போடியம் ஏறாமல் அதிகப் பந்தயம் ஓட்டியவர்’ என்ற சாதனை அவர் பெயரில் இருந்தது. இப்படியும் ஒரு சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், என்ன செய்வது. 2025 சில்வர்ஸ்டோனில், சாபர் காரில், 19-வது இடத்திலிருந்து புறப்பட்டு மழையில் மூன்றாவதாக முடித்தார். அவருடைய 239-வது பந்தயம். கடைசிச் சுற்றுகளில் அவரைத் துரத்திக்கொண்டு வந்தது யார் தெரியுமா? உங்கள் ஆள்தான். அன்று அவர் நான்காவது. மன்னிக்கவும், நான் அன்று ஹாமில்டனுக்கு எதிராகக் கத்தினேன்.

நேரில் போவது பற்றி. போங்கள். ஆனால் பந்தயத்தைப் பார்க்கப் போகாதீர்கள். அதற்கு டிவிதான் வசதி. நேரில் கார்கள் கடந்து போனபின் யார் எங்கே என்று பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வானமும் கைவிடலாம். 2021-ல் ஸ்பாவில் மணிக்கணக்காக மழையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்த சில சுற்றுகள்தான் கிடைத்தன. வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்துக்குப் போங்கள். டிக்கெட்டும் மலிவு, கூட்டமும் குறைவு. நேர்ப்பாதை முடிந்து அழுத்தி பிரேக் பிடிக்கும் மெதுவான வளைவாகப் பார்த்து உட்காருங்கள். காதடைப்பான் கட்டாயம். ஒவ்வொரு காரும் அந்த ஒரே வளைவுக்குத் திரும்பத் திரும்ப வரும். யார் எங்கே பிரேக் பிடிக்கிறார், யார் பாதையோர மேடான கெர்ப் மேல் ஏறுகிறார், யார் ஸ்டியரிங்கை ஒரே இழுப்பில் திருப்புகிறார், யார் இரண்டு மூன்று தடவை திருத்துகிறார் என்பதெல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு ஃபெராரிகளில் எது யாருடையது என்று குழம்பினால் ஹெல்மெட்டைப் பார்க்க வேண்டியதில்லை, அந்த வேகத்தில் பிடிபடாது. ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் கேமராப் பெட்டியைப் பாருங்கள். அணியின் ஒரு காருக்கு அது கறுப்பு, இன்னொன்றுக்கு மஞ்சள்.