பத்து நிமிஷத்தில் கேஸ் போன எலுமிச்சை ஹைபால்

கேள்வி: அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி முடிந்த மறுநாள் சாயங்காலம், சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த பங்காளிகளோடு பன்னிரண்டு பேர் மாடியில் கூடினோம். அங்கே குடித்த எலுமிச்சை ஹைபால் வேண்டும் என்றார்கள். ஜின், கடையில் வாங்கிய சோடா, காலையிலேயே மெஷினில் பிழிந்து வைத்த சாறு, சர்க்கரை எல்லாம் இருந்தன. அளவு பார்த்துத்தான் கலந்தோம், பத்து நிமிஷத்தில் கேஸ் போய் வெறும் ‘எலுமிச்சைத் தண்ணி’ ஆகிவிட்டது, கசப்பு வேறு. வைகாசியில் தங்கச்சி கல்யாணத்துக்குத் திரும்ப வருகிறார்கள். இந்த முறை மானம் போகாமல் இருக்க வழி சொல்லுங்கள். (தேவகோட்டை வாசகர்)

பதில்: உங்கள் கணக்கில் குறை இல்லை, வெயிலில்தான் குறை. சிங்கப்பூர் பார்களில் சோடா, கிளாஸ், சரக்கு எல்லாமே குளிரிலிருந்து வெளியே வரும். தேவகோட்டை மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்கும் தரை சுடும். ஹைபால் என்பது ஒரு பங்கு சரக்கும் மூன்று பங்குக்கு மேல் சோடாவும் உள்ள உயரமான கிளாஸ், அவ்வளவுதான். முக்கால்வாசி சோடா என்றால், சோடா நன்றாக இல்லாவிட்டால் மற்றது எதுவும் நன்றாக இருக்காது.

சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் 0.9 லிட்டர்தான். 30 டிகிரியில் 0.7கூட இல்லை. கடையில் வெளியே அடுக்கி வைத்திருந்த பாட்டிலைத் திறந்ததும் புஸ்ஸென்று பொங்கியதே, அது உங்கள் கிளாஸுக்கு வர வேண்டிய கேஸ். ‘ஐஸ் போட்டால் குளிர்ந்துவிடும்தானே’ என்பீர்கள். 32 டிகிரியில் இருக்கும் 150 மி.லி. சோடாவைக் குளிர்விக்க ஏறக்குறைய 55 கிராம் ஐஸ் கரைய வேண்டும். அதாவது கிளாஸில் கால் டம்ளர் பச்சைத்தண்ணீர். நீங்கள் சொன்ன ‘எலுமிச்சைத் தண்ணி’ அங்கிருந்து வந்ததுதான். அதே சோடா ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்கு வந்திருந்தால் ஏழெட்டு கிராம் கரைந்தால் போதும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருமுனை கோலி சோடாக்காரர் கிரேட்டின் மேல் ஈரச் சாக்கு போட்டு, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். ஃபிரிட்ஜ் இல்லாதவருக்குத் தெரிந்திருந்தது. இருபது வருஷம் ஹோட்டல் பார்களில் நின்ற நான், என் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கிரேட் சோடாவை வேன் டிக்கியில் வெயிலில் விட்டுவிட்டு, உங்களைப் போலவே அசடு வழிந்தேன்.

ஆகவே முதல் நாளே சோடாவை ஃபிரிட்ஜில் வையுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம். மறந்துவிட்டால், பெரிய வாளியில் ஐஸும் தண்ணீரும் இரண்டு கை கல்லுப்பும் போட்டு பாட்டிலை அமிழ்த்துங்கள், அரைமணியில் சில்லிடும். சோடாவை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் வெடிக்கும். சரக்கை மட்டும் வைக்கலாம். நம் ஊர் பாட்டிலில் ‘42.8%’ என்று போட்டிருக்கும். அந்த வீரியத்தில் வீட்டு ஃப்ரீசர் குளிருக்கு அது உறையாது, குழகுழவென்று ஆகும். அதுதான் நமக்கு வேண்டியது.

ஐஸ்தான் ஆளுக்கு ஆள் கோட்டைவிடும் இடம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு சுற்று என்றால் ஐந்து கிலோவாவது வேண்டும். ஃபிரிட்ஜ் ட்ரே ஒரு தடவைக்குக் கால் கிலோதான் தரும். இரண்டு நாள் முன்பே கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை எவர்சில்வர் டிபன் டப்பாக்களில் ஊற்றி உறைய விட்டு, தட்டிப் பெரிய துண்டாக்கிப் பையில் சேமியுங்கள். பெரிய துண்டுக்கு வெளிப்பரப்பு குறைவு, மெதுவாகக் கரையும். ஐஸ் பற்றாமல் போனால் மீன் மார்க்கெட் பக்கம் ஆளனுப்பிப் பாளம் வாங்காதீர்கள். சாப்பிட ஆகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. நிறம் இல்லாவிட்டாலும் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

இனி கசப்பு. எலுமிச்சை வகைப் பழச் சாற்றில், பிழிந்து சில மணி நேரம் ஆனதும் லிமோனின் என்ற கசப்புப் பொருள் ஊறிவிடும். விதையும் தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையும் சேர்ந்து நசுங்கினால் இன்னும் மோசம். உங்கள் மெஷின் இரண்டையும் நசுக்கியிருக்கிறது. பிழிவதை அரைமணி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், கையால், முக்கால் பிழிவோடு நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு வரை முறுக்குகிற கை நமக்கு எல்லாருக்கும் உண்டு. அன்று ஒருநாள் அதைக் கட்டுப்படுத்துங்கள்.

வாசனை சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை மடக்கி அடுத்தவன் கண்ணில் பீய்ச்சி விளையாடியிருப்பீர்கள், அதே எண்ணெய்தான். பன்னிரண்டு எலுமிச்சையின் தோலை, வெள்ளை வராமல் மெல்லிசாகச் சீவி, 200 கிராம் சர்க்கரையோடு கையால் பிசறி, மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் திறந்தால் சர்க்கரை ஈரமாகி, மஞ்சள் பூத்து, சமையலறை முழுக்க மணக்கும். அதில் 200 மி.லி. சுடுதண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் கலக்கி வடிகட்டுங்கள். உப்பு கசப்பை அமுக்கும். சர்க்கரையைக் கிளாஸில் போட்டுக் கலக்கு கலக்கென்று கலக்கினால் மிச்சமிருக்கும் கேஸும் போகும், அதனால்தான் பாகாக்கச் சொல்கிறேன். இருபத்திநான்கு கிளாஸுக்கு இது தாராளம். தோல் சீவிய பழங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, சாயங்காலம் தோல் சீவாத இன்னொரு பன்னிரண்டோடு சேர்த்துப் பிழியலாம். எலுமிச்சை சின்னதாக இருந்தால் நாலைந்து கூடுதலாக வாங்குங்கள்.

கலப்பது இப்படி. உயரமான கண்ணாடி கிளாஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐஸை விளிம்பு வரை நிரப்புங்கள். சரக்கு 45, சாறு 15, பாகு 10 மி.லி. விட்டு நன்றாகக் கிளறுங்கள். இதுவரை எவ்வளவு கிளறினாலும் தப்பில்லை. பிறகு சோடா 150 மி.லி., கிளாஸைச் சாய்த்து உள்சுவரை ஒட்டி, ஐஸ் மேல் விழாமல். கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு தடவை மேலே தூக்குங்கள், அதோடு கையை எடுங்கள். கடைசியில் விரல்நீளத் தோல் ஒன்றை மேல்பக்கம் கிளாஸைப் பார்க்க மடக்கிப் பீய்ச்சுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் பானத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரியும். தோட்டத்தில் நார்த்தை இருந்தால் ஓர் இலையைக் கசக்கி விளிம்பில் தடவிப் பாருங்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது வருமே அந்த மணம், ஜின்னோடு என்னமாய்ச் சேருகிறது! பிராந்திதான் கிடைத்தது என்றால் எலுமிச்சையைக் குறைத்துக் கமலா ஆரஞ்சுக்குப் போங்கள்.

மொத்தச் சோடா 750 மி.லி. பாட்டில் ஐந்து, கைக்காவலுக்கு ஒன்று. ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பெட்டகத்திலிருந்து பித்தளைச் செம்பை எடுத்துப் பரிமாறினால் போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம், புளிப்பு பித்தளையை அரிக்கும்.

இன்னொன்று. இந்தக் கிளாஸ் எட்டு சதவீத வீரியம், ஸ்ட்ராங் பீர் மாதிரி. ஜூஸ் போல இறங்குவதால் தெரியாது. வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். அறுபது எழுபது கிலோ ஆளை ஒரே கிளாஸ் அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடக்கூடும். வந்தவர்களுக்கு மாடியிலேயே பாய் விரியுங்கள். இருபத்தொரு வயது ஆகாத தம்பிகளுக்கும், குடிக்காத ஆச்சிமார்களுக்கும் சரக்குக்குப் பதில் நன்னாரி சர்பத் 30 மி.லி. விட்டு, பாகைத் தவிர்த்து மற்றதை அப்படியே செய்யுங்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் அந்த ஜாடிதான் முதலில் காலியானது.

தோல் சீவாத பழங்களின் பிழிந்த மூடிகளைக் குப்பையில் போடாதீர்கள். உப்பு புரட்டி ஜாடியில் அடைத்து, நாள்தோறும் குலுக்கி வாருங்கள். பங்காளிகள் விமானம் ஏறுவதற்குள் ஊறுகாய் பதத்துக்கு வந்துவிடும்.