கேள்வி நேரம்: போன் படிக்குது, கடை ஏன் படிக்கலை?

இந்த முறை ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த மூன்று கடிதங்கள். மூன்றுமே பார்கோடு பற்றியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வீட்டிலேயே நெத்திலி, சீலாக் கருவாடு பாக்கெட் போட்டு மதுரையில் ஒரு கடைக்கு அனுப்புகிறோம். பார்கோடு ஸ்கேனரில் விழவில்லை என்று ஒரு பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். என் போனில் வைத்துப் பார்த்தால் எல்லாமே படிக்கிறது. 203 டிபிஐ பிரிண்டர், 38 மில்லிமீட்டர் லேபிள். தப்பு யார் மேல்? — ஒரு வாசகி, மண்டபம்

பதில்: கடைக்காரர் மேல் இல்லை சகோதரி. போன் என்பது டாக்டர் எழுதிய சீட்டு எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் படித்துவிடும் மருந்துக் கடைக்காரர் மாதிரி, படம் மேல் படமாக எடுத்து, ஏதோ ஒன்றில் எண் கிடைத்ததும் 'ஆச்சு' என்று சொல்லிவிடும். கவுண்டரில் பில் போடுகிற பெண்ணுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது, பின்னால் நிற்கும் வரிசைக்கும் கிடையாது. ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, விழாவிட்டால் ஓரமாக வைத்துவிடுவார்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. 203 டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு 203 புள்ளி, அந்தப் பிரிண்டர் வைக்கும் ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். கடைச் சரக்குக்குப் போடும் 13 இலக்கப் பார்கோட்டில் மிக ஒல்லியான கோடு வழக்கமாக 0.33 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கு இரண்டரைப் புள்ளிக்கும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் பிரிண்டருக்கு அரைப் புள்ளி வைக்கத் தெரியாது. படத்தைப் பிடித்து இழுத்து லேபிளுக்குள் அடக்கினால், அது ஒரு கோட்டுக்கு ரெண்டு புள்ளியும் அடுத்த கோட்டுக்கு மூன்று புள்ளியுமாகத் தன் இஷ்டத்துக்கு வைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனருக்கோ எது ஒல்லி, எது தடி என்ற கணக்கே குழம்பிப்போகும்.

சரி, மூன்று புள்ளி என்று முடிவு செய்துகொள்ளுங்கள், 0.375. (ரெண்டு புள்ளி வேண்டாம், 0.25 ஆகிவிடும், கடைப் பார்கோட்டுக்கு 0.264-க்குக் கீழே போகக் கூடாது.) அந்த ஒல்லிக் கோட்டின் அகலத்தைப் போல இடதுபக்கம் 11 மடங்கு, வலதுபக்கம் 7 மடங்கு வெற்றிடம் சேர்த்து மொத்தம் 113 மடங்கு அகலம் வேண்டும், அப்படியென்றால் 42 மில்லிமீட்டருக்கு மேல். 38 மில்லிமீட்டர் லேபிளில் அது எப்படி உட்காரும்? ஓரத்து வெற்றிடம்தான் முதலில் பலியாகியிருக்கும். அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துத்தான் கோடு எங்கே தொடங்குகிறது என்றே ஸ்கேனர் கண்டுபிடிக்கிறது. 50 மில்லிமீட்டர் லேபிளுக்கு மாறுங்கள், படமாக ஒட்டாமல் லேபிள் மென்பொருளுக்குள்ளேயே பார்கோடை உருவாக்குங்கள்.

அடுத்தது கருவாட்டு எண்ணெய். சாதாரண மெழுகு ரிப்பனில் (பிரிண்டருக்குள் ஓடும் மை நாடா) அடித்த கோடு எண்ணெய்க்கை பட்டால் இழுவிக்கொள்ளும், காகித லேபிள் எண்ணெயை உறிஞ்சி அழுக்கு நிறமாகும். ரெசின் கலந்த ரிப்பன், பிளாஸ்டிக் லேபிள், கொஞ்சம் செலவுதான், ஆனால் ஒரு பெட்டி திரும்பி வருகிற லாரி வாடகையை நினைத்துப் பாருங்கள். சோதிப்பதென்றால் அச்சான நிமிடத்தில் மட்டும் சோதிக்காதீர்கள், பாக்கெட்டில் ஒட்டி ஒரு வாரம் கழித்து விரலால் தேய்த்தும் பாருங்கள்.

இன்னொன்று. லேபிளில் நீளவாக்கில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தொடர்ந்து விழுகிறதா? பிரிண்டர் தலையில் ஒரு புள்ளி செத்துவிட்டது, அல்லது அழுக்கு ஒட்டியிருக்கிறது. பார்கோட்டின் கோடுகள் லேபிள் நகரும் திசையிலேயே நின்றால், அந்த வெள்ளை ஒரு கோட்டை உச்சி முதல் அடிவரை அரித்துவிடும், எந்த உயரத்தில் படித்தாலும் தப்ப முடியாது. ரிப்பன் மாற்றும்போதெல்லாம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். மணலும் தூசியும் அடிக்கிற ஊரில் இதைச் சோம்பலால் விடக் கூடாது.

கேள்வி: கருப்பட்டி டப்பாவுக்குப் புது டிசைன். அழகாக இருக்கட்டும் என்று பார்கோடையும் லோகோ மாதிரியே சிவப்பில் போடச் சொன்னேன், டிசைனர் தயங்குகிறார். — ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: தயங்கியவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள். ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிவப்பு ஒளி, தரம் அளப்பதும் 660 நானோமீட்டர் சிவப்பில்தான். அந்த ஒளியில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்று, ஸ்கேனர் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கருப்பட்டி நிறக் கோடும் கிட்டத்தட்ட அப்படித்தான். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை, இதில் ஒன்று. தலைகீழாக, மஞ்சளோ ஆரஞ்சோ பின்னணியாக இருந்தால் கவலையில்லை. பழுப்பு அட்டையில் நேரடியாக அடிக்காமல், பார்கோடு வரும் இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று விடச் சொல்லுங்கள்.

கேள்வி: இறால், நண்டு அட்டைப்பெட்டிகளில் பார்கோடு லேபிள் ஒட்டி ஏற்றுமதிக்காரருக்குக் கொடுக்கிறோம். 'சி கிரேடு இருக்கணும், ரிப்போர்ட் கொடு' என்கிறார்கள். வெரிஃபயர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? — ஒரு வாசகர், தொண்டி

பதில்: முதலில் அவர்கள் கேட்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் படித்ததா இல்லையா என்பதோடு நின்றுவிடும், எவ்வளவு சிரமப்பட்டுப் படித்தது என்று சொல்லாது. வெரிஃபயர் என்பது அச்சின் தரத்தை அளக்கும் கருவி, அது மதிப்பெண் போடும். ஐஎஸ்ஓ 15416 என்ற சர்வதேசத் தர முறைப்படி ஒரே பார்கோடை வெவ்வேறு உயரங்களில் பத்து முறை ஓட்டி, கறுப்பு வெள்ளை வித்தியாசம், கோட்டு ஓரங்களின் கூர்மை, கோட்டுக்குள் வெள்ளைப் புள்ளி, இடையில் கறுப்புப் புள்ளி, அகலக் கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் எதில் மிகக் குறைவோ அதுதான் அந்த ஓட்டத்தின் மதிப்பெண். மற்றதெல்லாம் ஏ வாங்கியிருந்தாலும் ஒன்று டி என்றால் டி-தான், ஈவு இரக்கமே இல்லை. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1 என்று எண்ணாக்கி, அந்தப் பத்தின் சராசரி 1.5 வந்தால் சி.

வாங்க வேண்டுமா என்றால், தினமும் பல டிசைனில், பல அளவில் நீங்களே அச்சடிக்கிறீர்களானால் யோசிக்கலாம். விலை உங்கள் லேபிள் பிரிண்டரைவிடப் பல மடங்கு, அதை அளவுதிருத்தத்தோடு வைத்துக்கொள்ளவும் வேண்டும். அச்சகத்தில் அடித்து வாங்குகிறவராக இருந்தால், ஒவ்வொரு லாட்டுக்கும் ரிப்போர்ட் தந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். முதல் லேபிள் மட்டும் போதாது, ரோலின் நடுவிலும் கடைசியிலும் எடுத்ததற்கும் கேளுங்கள், ரிப்பன் சுருங்குவதும் சூடு மாறுவதும் நடுவில்தான் நடக்கும்.

அப்புறம், சூட்டில் கறுக்கும் தெர்மல் காகிதம் வேண்டாம், ரிப்பன் வைத்து அடித்ததாக இருக்கட்டும். குளிரூட்டும் அறைக்கென்று தனிப் பசை உள்ள லேபிளைக் கேட்டு வாங்கி, பெட்டி உலர்ந்திருக்கும்போதே, உள்ளே போவதற்கு முன்னால் ஒட்டுங்கள். பனி பூத்த அட்டையில் ஒட்டிய லேபிள் ஏ கிரேடு வாங்கியதாக இருந்தாலும் லாரி ஏறுவதற்குள் சுருண்டு கீழே கிடக்கும்.