பழைய காருக்குக் கூடுதல் மீட்டர்: மலையில் ஓட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (குன்னூர்): அண்ணா, என்னுடையது பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். மூன்று மீட்டர் பேனல் மாட்டப் போகிறேன். எந்த மூன்று வைக்கலாம்?

பதில்: டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட்மீட்டர் (பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டுவது). மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. பர்லியாறு தாண்டி இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் மூச்சைப் பிடித்து இழுக்கிறது. வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 7 பவுண்டு (psi) அழுத்தத்தைப் பிடித்தால்தான் மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்த வண்டியில் முள் 95-ஐத் தொட்டால் உடனே ஓரம் கட்டுங்கள். நல்ல மூடி உள்ள வண்டியில் அதே 95 சாதாரணம். அதனால் பேனல் மாட்டும் அன்றே மூடியையும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் பிரஷர் இந்த இன்ஜினில், நன்றாகச் சூடான பிறகு, ஓட்டத்தில் 50 பவுண்டை ஒட்டி இருக்க வேண்டும். ஐடிலில் 15-க்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி (கோத்தகிரி): வோல்ட்மீட்டர் எதற்கு சார்? அந்தக் காலத்து வண்டி என்றால் அம்மீட்டர்தானே அழகு?

பதில்: அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அம்மீட்டர் என்பது கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்று அளப்பது. அதனால் ஸ்டார்ட்டருக்குப் போவது தவிர வண்டியின் கரண்ட் கிட்டத்தட்ட எல்லாமே டேஷ்போர்டுக்குள் வந்து போகிறது. பின்னால் ஒரு நட்டு லூசானால் அந்த இடம் சூடேறி ஒயர் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோ சுமார் 20 ஆம்பியர்தான் கொடுத்தது, அதற்கு 30 ஆம்பியர் அம்மீட்டர் போதும். இப்போது பலர் அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டிவிட்டார்கள். அதன் கரண்டுக்கு அந்த மீட்டர் பத்தாது. வோல்ட்மீட்டருக்கு ஒரு மெல்லிய ஒயர், 3 ஆம்பியர் பியூஸ், முடிந்தது. இக்னிஷன் போட்ட பிறகு உயிர் வரும் ஒயரிலிருந்து எடுங்கள். ஆல்டர்னேட்டர் வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரி. டைனமோ வண்டி ஐடிலில் 12-ஐ ஒட்டி இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி (அரவங்காடு): அண்ணே, பேனலோடு வந்த பெட்ரோல் மீட்டரை டேங்கில் ஏற்கெனவே இருந்த மிதவையோடு இணைத்தேன். டேங்க் நிறைந்தால் காலி என்கிறது, காலியானால் நிறைந்தது என்கிறது!

பதில்: மீட்டரில் கோளாறு இல்லை தம்பி, ஜோடி தப்பு. மிதவை என்பது மாறும் ரெசிஸ்டன்ஸ். அமெரிக்க வகை மீட்டருக்குக் காலி டேங்க் 240 ஓம், நிறைந்தது 33 ஓம். ஐரோப்பிய வகை ஒன்றில் காலி 10, நிறைந்தது 180. ஒன்றின் மீட்டரை இன்னொன்றின் மிதவையோடு கோர்த்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். மிதவை ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, டேங்க் காலியாக இருக்கும்போது ஒரு தடவை, நிரப்பியபின் ஒரு தடவை அளந்து கொள்ளுங்கள். அந்த எண்களுக்குப் பொருந்தும் மீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

டெம்பரேச்சர், ஆயில் சென்ஸார்களுக்கும் இதே விதிதான். அவற்றுக்கு எர்த், இன்ஜினில் திருகும் மரை வழியாகவே கிடைக்கிறது. ஒழுகக் கூடாதென்று டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் அறுந்து முள் தாறுமாறாக ஆடும். புது மீட்டர் "பழுது" என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் பாதி இப்படித்தான் என்பேன்.

கேள்வி (மஞ்சூர்): என்னுடையது அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி கார். டேஷ்போர்டை வெட்டாமல் செய்ய முடியுமா அண்ணா?

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள் அம்மா. அந்தத் தகரத்தில் ஒருமுறை ஓட்டை போட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரிய டிங்கரிங் வேலை. டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் ஏற்கெனவே உள்ள ஸ்க்ரூக்களிலேயே தொங்கும்படி ஒரு பிராக்கெட் அடித்துத் தரச் சொல்லுங்கள். 52 மில்லிமீட்டர் மீட்டர் மூன்று அதில் உட்காரும். இறுக்குவதற்கு முன் ஸ்டீயரிங்கை ஒட்டியுள்ள கியர் லீவரை எல்லா கியரிலும் போட்டுப் பாருங்கள், முழங்கால் இடிக்கிறதா என்றும் உட்கார்ந்து பாருங்கள். ஒயரை இன்ஜின் பக்கம் கொண்டுபோக ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) இருக்கும் பழைய துளையையே பயன்படுத்தலாம், ரப்பர் புஷ் மட்டும் கட்டாயம். தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள்.

கேள்வி (கூடலூர்): கல்லட்டி மலைப்பாதையில் இறங்கும்போது டெம்பரேச்சர் முள் 60-க்கு வந்துவிடுகிறது. சென்ஸார் போய்விட்டதா?

பதில்: இல்லை. 36 கொண்டை ஊசி வளைவும் சின்ன கியரில் இன்ஜின் பிடித்து இறங்குகிறீர்கள். பெட்ரோல் எரிவது குறைவு, மலைக்காற்றும் சில்லென்று அடிக்கிறது. முள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் 60 மிகவும் கீழே. யாரோ தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். சூடேறாமல் இருக்க நம் பக்கம் சிலர் செய்யும் வைத்தியம் இது. இந்தக் குளிரில் இன்ஜின் சூடே ஏறாமல் ஓடினால் பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றைத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி (ஊட்டி): பனிமூட்டத்தில் இரவு ஓட்டும்போது புது பேனலின் வெள்ளை எல்இடி கண்ணாடியில் பளிச்சென்று அடிக்கிறது.

பதில்: எல்இடியை எடுத்துவிட்டு, சாதாரண சின்ன பல்பு போட்டு, வண்டியின் பழைய மீட்டர் லைட் ஒயரோடு சேர்த்துவிடுங்கள். டேஷ்போர்டில் திருகும் டிம்மர் இருந்தால் பல்பு அதற்குக் கட்டுப்படும், எல்இடி பெரும்பாலும் கட்டுப்படாது.