காட்டுப்பூவரசு: கேட்டவைக்கெல்லாம் பதில்

நீலகிரியில் சிவப்புச் சிவப்பாகக் கொத்துவிட்டு நிற்கும் அந்த மரத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சார், நம்ம பூவரசுக்கும் இதற்கும் என்ன உறவு?

பெயரைத் தவிர ஒன்றுமில்லை. சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அந்தப் பூவரசு செம்பருத்தியின் குடும்பம். காட்டுப்பூவரசு ரோடோடென்ட்ரான் என்ற பேரினத்தைச் சேர்ந்தது, எரிகேசியே குடும்பம், அசேலியாவும் புளூபெர்ரியும் இதற்குப் பங்காளிகள்.

மரமா, புதரா? ஒருவர் ஒன்று சொல்கிறார்.

இரண்டும் சரி. காற்று அறையும் மேட்டில் முறுக்கிக்கொண்டு புதராக நிற்கும், சோலைக்காட்டு ஓரத்தில் ஒதுக்குப்புறமாக இடம் கிடைத்தால் நல்ல மரமாகவே வளர்ந்துவிடும்.

உத்தராகண்டில் இதே பூவைப் பார்த்தேன் அண்ணா. அங்கிருந்து யாராவது கொண்டுவந்து வைத்ததா?

யாரும் வைக்கவில்லை, இது இந்த மலைகளின் சொந்த மரம்தான். அங்கே புராஞ்ச் என்று சொல்கிறார்களே, அந்த மாநிலத்தின் மரமே அதுதான், நேபாளத்துக்குத் தேசிய மலரும் கூட. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறு பக்கம் இருப்பது அதன் தெற்கத்திக் கிளையினம், தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ரோடோடென்ட்ரான். இமயமலைக்கும் இங்கேயும் நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டருக்குச் சொந்தம் யாருமில்லை. பனியூழிக் காலத்தில் சமவெளியும் குளிர்ந்திருந்தபோது இவை தெற்கே பரவின, வெப்பம் திரும்பியதும் மலையுச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன என்பது தாவரவியலாளர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு இந்த மரத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

எந்த மாதம் வந்தால் பூ இருக்கும்?

டிசம்பரிலிருந்து மார்ச் வரை. குறிஞ்சி மாதிரி 12 வருடம் காத்திருக்க வேண்டாம்.

கிட்டப்போய்ப் பார்த்தால் எதைக் கவனிக்கணும்?

பறிக்காமல் பாருங்கள். ஒரு கொத்தில் மணி வடிவப் பூக்கள் பத்துப் பதினைந்து நெருக்கிக்கொண்டு இருக்கும். ஒரு மணிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் பைகள் தெரியும், தேன் அங்கேதான். மகரந்தம் தாங்கும் கேசரங்கள் 10. சாதாரணப் பூவில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளக்கும், இதில் நுனியில் இரண்டு துளைதான். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் மகரந்தம் தூளாகக் கொட்டாது, சிலந்தி நூல் போல இழை இழையாக வெளியே வரும். தேன் குடிக்க வரும் குருவியின் தலையில் அந்த இழை ஒட்டிக்கொண்டு அப்படியே அடுத்த பூவுக்குப் போய்விடும். அப்புறம் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் முழுக்க மெத்தென்று ரோமம்.

தேன் விஷம் என்கிறார்களே, உண்மையா?

ரோடோடென்ட்ரான்களில் பலவற்றின் இலையிலும் தேனிலும் கிரயனோடாக்சின் என்ற நச்சு உண்டு. கருங்கடல் கரையில் கி.மு. 401இல் கிரேக்கப் படைவீரர்கள் அப்படிப்பட்ட தேனைச் சாப்பிட்டு நிற்கக்கூட முடியாமல் விழுந்துகிடந்தார்கள், அது வேறு ரோடோடென்ட்ரான்களின் தேன். இமயமலையில் புராஞ்ச் இதழைச் சாறு பிழிந்து குடிக்கிறார்கள். அதை நம்பி இங்கே இலையையோ பூவையோ வாயில் வைக்காதீர்கள், ஆடுமாடுகளையும் மேயவிடாதீர்கள்.

சென்னையில் தொட்டியில் வளருமா ஐயா?

வளராது. குளிர் வேண்டும், புளிப்பு மண் வேண்டும், முடி போன்ற அதன் வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் அந்த மண்ணில் இருக்க வேண்டும். காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வந்தால் செடியும் சாகும், சட்டப்படி குற்றமும் கூட.

மரங்கள் குறைந்துவருகின்றனவா? தீயினாலா?

தீயை ஓரளவு தாங்கும், தக்கை போன்ற தடித்த பட்டை அதற்குத்தான். புல் எரிந்த மேட்டில் அடி கருகியும் உச்சியில் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்திருக்கிறேன். சீகையும் (வாட்டில் என்ற வெளிநாட்டு மரம்) பைனும் புல்வெளியை மூடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. இதன் விதை தூசி போல இருக்கும், பாசி படிந்த ஈர மண்ணில் விழுந்து வெளிச்சம் கிடைத்தால்தான் நிமிரும். சீகை நிழலில் கிழமரம் ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும், அதன் அடியில் தேடிப் பாருங்கள், ஒரு கன்றுகூட இருக்காது.