பிளாக் பண்ணியும் ஏன் வருகிறது? வாசகர் கேள்வி – பதில்

என் ஜிமெயிலுக்குத் தினமும் அறுபது, எழுபது விளம்பர மெயில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாக பிளாக் செய்கிறேன். ஆறு மாதமாகியும் குறைந்தபாடில்லையே? (வாசகி, நாமக்கல்)

பிளாக் செய்தால் அந்த ஒரு முகவரி மட்டும்தான் நிற்கும். மோசடிக் கும்பல் ஒரே முகவரியை மறுமுறை பயன்படுத்துவதே அபூர்வம். அதனால் முதலில் வருவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எப்போதோ துணி வாங்கிய கடை, பஸ் டிக்கெட் போட்ட ஆப், பயோடேட்டா ஏற்றிய வேலைவாய்ப்புத் தளம் எல்லாம் ஒரு வகை. இவற்றுக்கு அன்சப்ஸ்கிரைப் (அவர்கள் பட்டியலிலிருந்து விலகுவது) போதும். மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் லிங்க்கைத் தேடி அலைய வேண்டாம். அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப்பை அழுத்துங்கள். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள், தங்கள் விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2024-ல் கூகுள் விதி வைத்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் இடப்பக்கப் பட்டியலில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இருக்கும். அதிகம் அனுப்புகிறவர் முதலில் நிற்பார். மேலிருந்து இருபது பேரை நீக்கினாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

பரிசு விழுந்தது, கடன் ரெடி, பார்சல் காத்திருக்கிறது என்று ஊர் பேர் தெரியாமல் வருபவை இரண்டாம் வகை. இவற்றில் அன்சப்ஸ்கிரைப்பைத் தொடவே கூடாது. அழுத்தினால் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறது' என்று நீங்களே சொன்னதாகிவிடும். திறக்காமலே டிக் செய்து 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். வெறுமனே டெலீட் செய்தால் அது ஸ்பேம் என்று ஜிமெயிலுக்குச் சொன்னதாகாது.

கோபத்தில் கடை மெயிலுக்கும் ரிப்போர்ட் அடிக்கிறவர்கள் உண்டு. பிறகு அதே கடையின் பில்லும் டெலிவரி தகவலும் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழலாம். 30 நாளில் தானாக அழிந்தும் போகும்.

இன்னொன்று: செட்டிங்ஸில் 'இமேஜஸ்' பகுதிக்குப் போய், வெளிப் படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். பல மெயில்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத புள்ளியளவு படம் ஒன்று ஒளிந்திருக்கும். அது லோடு ஆனதுமே நீங்கள் திறந்த செய்தி அனுப்பியவருக்குப் போய்விடும்.

யார் என் முகவரியை விற்றார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், காரைக்குடி)

இனிமேல் கொடுப்பதைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் முகவரி மலர்@ஜிமெயில்.காம் என்றால், ஜவுளிக் கடையில் மலர்+ஜவுளி@ஜிமெயில்.காம் என்று கொடுங்கள் (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). பிளஸ் குறிக்குப் பின்னால் எது இருந்தாலும் மெயில் உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு முன்பின் தெரியாத ஒரு கடன் நிறுவனம் எழுதினால், கசிந்த இடம் ஜவுளிக் கடை.

தேடல் பெட்டியின் வலது ஓர ஐகானை அழுத்தி, 'டு' கட்டத்தில் அந்த பிளஸ் முகவரியைப் போட்டு, 'கிரியேட் ஃபில்டர்', பிறகு 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' கொடுத்தால் அது இன்பாக்ஸுக்கே வராது. மொபைல் ஆப்பில் ஃபில்டர் போட முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். சில தளங்கள் பிளஸ் குறியை ஏற்பதில்லை. விவரம் தெரிந்த மோசடிக்காரர்கள் பிளஸ் பகுதியை வெட்டிவிட்டும் அனுப்புவார்கள். கடைகளுக்கென்றே தனியாக இரண்டாவது முகவரி வைத்துக்கொள்வதுதான் என் கட்சி.

என் முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் மெயில். என் பழைய பாஸ்வேர்டும் அதில் இருக்கிறது! (வாசகர், திருச்சி)

பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள். அனுப்புநர் இடத்தில் யாருடைய முகவரியையும் போலியாக எழுதலாம், தபால் கவரில் எழுதுவது போல. பாஸ்வேர்டு, எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்தது. அதே பாஸ்வேர்டு இன்னும் எங்காவது இருந்தால் இன்றே மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள்.

நேற்று மதியம் ஒரு மணி நேரத்தில் முந்நூறு மெயில்கள். எல்லாம் 'சந்தா சேர்ந்ததற்கு நன்றி', பாதி புரியாத மொழியில். (வாசகி, கோவை)

இது சாதாரணக் குப்பை அல்ல, அவசரம். யாரோ ஒரு நிரலை ஏவி, நூற்றுக்கணக்கான தளங்களில் உங்கள் முகவரியைப் பதிந்திருக்கிறார்கள். அனுப்புபவை உண்மையான தளங்கள் என்பதால் ஸ்பேம் வடிகட்டி பெரும்பாலும் பிடிக்காது. வழக்கமாக இதன் நோக்கம் ஒரே ஒரு மெயிலை உங்கள் கண்ணிலிருந்து மறைப்பது: உங்கள் கார்டில் பொருள் வாங்கியதற்கான பில், அல்லது பாஸ்வேர்டு மாறிய அறிவிப்பு.

மொத்தமாக அழித்துவிடாதீர்கள். அந்த நேரத்து மெயில்களில் உங்கள் வங்கியின் பெயர், ஆர்டர், பாஸ்வேர்டு ஆகிய சொற்களைத் தேடுங்கள். டிராஷிலும் பாருங்கள். வங்கி ஆப்பையும் ஷாப்பிங் ஆப்களையும் நேராகத் திறந்து கணக்கைச் சரிபாருங்கள். தெரியாத செலவு இருந்தால் கார்டை முடக்கிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் நீங்கள் போடாத ஃபில்டரோ ஃபார்வர்டிங் முகவரியோ (உங்கள் மெயிலை வேறிடத்துக்குத் திருப்புவது) இருந்தால், ஆள் உள்ளேயே புகுந்திருக்கிறான் என்று அர்த்தம். அவற்றை நீக்கி பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

முந்நூறுக்கும் உட்கார்ந்து அன்சப்ஸ்கிரைப் அழுத்த வேண்டாம். உறுதிசெய்யச் சொல்லிக் கேட்பவை, நீங்கள் 'கன்ஃபர்ம்' அழுத்தாத வரை பெரும்பாலும் தாமே நின்றுவிடும். மிச்சத்தை அடுத்த வாரம் நிதானமாகப் பார்க்கலாம்.