மினி டிராக்டர் எத்தனை எச்.பி. வாங்கலாம்? கேள்வி பதில்

பொள்ளாச்சி: அண்ணா, 4 ஏக்கர் தென்னை. ஊடுபயிராக வாழை. 15 எச்.பி. போதுமா, 27 எச்.பி.க்குப் போகலாமா?

எச்.பி.யை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் இறங்குங்கள். தென்னைக்குத் தென்னை 25 அடி, அங்கே எந்த வண்டியும் திரும்பும். வாழைதான் சிக்கல். 6 அடி இடைவெளியில் நட்டிருந்தாலும் பக்கக்கன்று வந்து, மட்டை சாய்ந்த பிறகு வண்டிக்கு மிஞ்சுவது நாலடிதான். அதனால் ஒரு பக்க டயரின் வெளிவிளிம்பிலிருந்து மறுபக்க வெளிவிளிம்பு வரை மூன்றடியை ஒட்டி இருக்கும் வண்டியாகப் பாருங்கள். குபோட்டா ஏ211என் (21 எச்.பி.) இப்படிக் குறுகலாக வரும் வண்டி. 27 எச்.பி. வண்டி என்றால் அகலத்தை அளக்காமல் எடுக்காதீர்கள், அகலம் கூடினால் வாழைக்குள் நுழையாது.

ரோட்டவேட்டரையும் (சுழல் கலப்பை) அளந்து வாங்குங்கள். இரு டயர்களின் வெளிவிளிம்பு அகலத்தைவிட அது குறுகலாக இருந்தால், உழுத மண்ணின் இரு ஓரமும் டயர் மிதித்த தடம் இறுகியே கிடக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்தத் தடத்தில்தான் ஓடும்.

கோவில்பட்டி: 6 ஏக்கர் கரிசல், மானாவாரி. 24 எச்.பி. வண்டி எல்லா வேலைக்கும் போதும் என்கிறார் விற்பவர்.

போதாது ஐயா. அவர் சொல்வது இன்ஜினின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வருவது அதைவிடக் குறைவு. விவரத்தாளில் அதற்குத் தனி வரி இருக்கும், அதை வைத்துத்தான் இரண்டு வண்டிகளை ஒப்பிட வேண்டும். செம்மண்ணில் நாலடி ரோட்டவேட்டரை இழுக்கிற வண்டி, கரிசலில் மூன்றடிக்கே திணறும்.

கோடை உழவுக்கு 45 எச்.பி. வண்டியை வாடகைக்கு எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை வரும் வேலைக்காகப் பெரிய வண்டி வாங்கிக் கடன் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பருத்திக்குள் களை ஓட்ட, மருந்தடிக்க மட்டும் சின்ன வண்டி போதும்.

நன்னிலம்: 3 ஏக்கர் நெல். சேற்றுழவுக்கு மினி டிராக்டர் ஆகுமா அண்ணே?

ஆகும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால். எடை குறைவு என்பதால் பெரிய வண்டி அளவுக்கு இறங்காது. பின்னால் கேஜ் வீல் (சேற்றில் பிடிக்க மாட்டும் இரும்புச் சக்கரம்) கட்டாயம். தார் ரோட்டுக்கு ஏறியதும் முன்சக்கர இழுப்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன் டயர் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆனால் 3 ஏக்கருக்கு மட்டும் என்றால் சொந்த வண்டி கட்டுப்படியாகாது. பக்கத்து வயல்களுக்கும் ஓட்டுவதாக இருந்தால் யோசியுங்கள்.

ஒட்டன்சத்திரம்: மானியம் எவ்வளவு?

சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 5 ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி சான்று வாங்கி வையுங்கள். உழவன் செயலியில் பதியலாம், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் நேரில் போகலாம். அனுமதி கடிதம் கைக்கு வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கோபி: பழைய வண்டி பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க?

போகிறோம் என்று சொல்லாமல் காலையில் போங்கள். பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சுற்றில் எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன், ரிங் தேய்ந்திருக்கிறது.

பி.டி.ஓ. தண்டின் மேல் உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் பலரும் கழற்றிப் போட்டிருப்பார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் தண்டு அது, வேட்டி நுனி மாட்டினால் கையை எடுக்கக்கூட நேரம் கிடைக்காது. உறை இல்லையென்றால், வண்டியை வயலில் இறக்கும் முன் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.