தனிப்பட்ட தீர்க்கதரிசனம் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

ஏற்காட்டில் நடந்த உபவாசக் கூட்டத்தில் கிறிஸ்தவ ஊழியர் ஒருவர், இந்தக் கேள்வியைக் கேட்டவரின் தலையில் கைவைத்து, "வேலையை விட்டுவிடு, ஊழியத்துக்கு வா என்று கர்த்தர் சொல்கிறார்" என்றாராம். சேலத்துக்குத் திரும்பியதும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடலாமா என்பது கேள்வி. வேண்டாம், பொறுங்கள்.

கர்த்தர் உங்களுக்காகத் தந்ததாக நம்பி இன்னொரு விசுவாசி சொல்லும் வார்த்தைதான் தனிப்பட்ட தீர்க்கதரிசனம். அதை அற்பமாக எண்ணாதீர்கள், சோதித்தும் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5-ஆம் அதிகாரம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. காரணம், சொல்பவர் மனிதர். அவர் பெற்றது உண்மையாகவே இருந்தாலும், அதற்குக் கொடுக்கும் அர்த்தத்தில் அவருடைய சொந்த எண்ணம் கலந்துவிடலாம். அப்போஸ்தலர் 21-ல் அகபு என்ற தீர்க்கதரிசி, அப்போஸ்தலர் பவுலின் இடைக்கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் பவுலுக்கு இதுதான் நடக்கும் என்றார். கூட இருந்தவர்கள் போக வேண்டாம் என்று அழுதார்கள். பவுல் எச்சரிப்பை மறுக்கவில்லை. ஆனாலும் போனார்! செய்தி வேறு, அதை வைத்து மற்றவர்கள் எடுக்கும் முடிவு வேறு.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் வெள்ளியைச் சோதித்து, எடை போட்டுத்தான் வாங்குவார்கள். விற்பவர் அதை அவமானமாக நினைப்பதில்லை.

சரி, எப்படிச் சோதிப்பது? வேதத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஜெபியுங்கள். வீட்டாரிடமும், உங்களை நன்கு அறிந்த போதகரிடமும் பேசுங்கள். திருமணம், வேலை, பணம் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். பயமுறுத்திக் காணிக்கை கேட்டால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

சோதிப்பது பரிசுத்த ஆவியானவரை எதிர்ப்பதாகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் அதே 1 தெசலோனிக்கேயர் 5-ல், ஆவியை அவித்துப்போடாதிருங்கள் (அணைத்துவிடாதிருங்கள்) என்ற கட்டளைக்கு இரண்டே வசனம் தள்ளித்தான் சோதிக்கச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது.